ஜனன மரணப் பதிவும் மும்பைத் தமிழரும்

தாராவியில் வீடுகளை அளந்து எண் போடும் வேலை 2024 மார்ச் மாதம் கமலா ராமன் நகரில் தொடங்கியது. அன்று முதல் அங்குள்ள தமிழர் வீடுகளில் தகரப் பெட்டிகள் கவிழ்க்கப்பட்டு வருகின்றன. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ், மங்கிப்போன மின்சார பில், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலின் நகல் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. 1.1.2000க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 1.1.2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு. மற்றவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வாடகை வீடு என்பது சர்க்காரின் திட்டம். ஆகவே, எந்தக் காகிதத்தில் எந்தத் தேதி இருக்கிறது என்பதே ஒரு குடும்பம் எங்கே வாழப் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது.

பெட்டியிலிருந்து போட்டோ பாஸ் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது தகப்பனார் பெயரில் இருக்கிறது. தகப்பனாரோ வயதான காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் குறைவில்லாமல் நடந்தது. பத்திரிகை அடித்து உறவினருக்கெல்லாம் அனுப்பியாயிற்று. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் மரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சட்டத்தின் கணக்கில் அவர் இன்னும் இறக்கவில்லை. இறக்காதவருக்கு வாரிசு ஏது?

இது தாராவியில் ஒரு வீட்டுக் கதையல்ல. தெருவுக்கு நாலு வீட்டில் சொல்லக்கூடிய கதை. மாதுங்காவிலும் செம்பூரிலும் இதே சங்கடம் வேறு வேஷத்தில் வருகிறது. அங்கே பாஸ்போர்ட், பென்ஷன், இன்ஷூரன்ஸ் பணம், கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் என்று விஷயம் மாறுமே தவிர, கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிறந்ததற்கு ரிஜிஸ்டர் எங்கே, இறந்ததற்கு ரிஜிஸ்டர் எங்கே?

இத்தனைக்கும் தமிழர்கள் பிறந்த நேரத்தைக் குறித்து வைப்பதில் சளைத்தவர்கள் அல்லர். குழந்தை தரையில் விழுந்த நாழிகையும் வினாடியும் ஜாதகத்தில் ஏறிவிடும். நட்சத்திரம், பாதம், தசை இருப்பு எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் அதே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, ஆசிரியர் தமக்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதிக்கொள்வார். மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் தமிழ்க் குழந்தைகள் ஏராளமாகப் பிறந்ததாகப் பள்ளி ஏடுகள் சொல்வது இதனால்தான். கிரகங்களுக்குத் தெரிந்த தேதி சர்க்காருக்குத் தெரியாமலே போயிற்று.

சர்க்கார் எதற்காகக் கேட்டது?

ஒருவன் பிறந்ததையும் இறந்ததையும் அரசு ஏன் எழுதி வைக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பழைய பதில் வரி என்பதுதான். சந்திரகுப்த மௌரியரின் பாடலிபுத்திரத்தைப் பார்த்த மெகஸ்தனிஸ், நகர நிர்வாகக் குழுக்களில் ஒன்று பிறப்பு இறப்புகளை விசாரித்து வைப்பதற்கென்றே இருந்தது என்றும், வரி விதிப்பதற்காக மட்டுமன்றி, உயர்ந்தோர் தாழ்ந்தோர் எவர் பிறப்பும் இறப்பும் அரசின் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்பதற்காகவும் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் உத்தரமேரூர்க் கல்வெட்டு, 921ஆம் ஆண்டிலேயே, கிராம சபையின் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுகிறவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வயதுக்கு அத்தாட்சி எப்படிக் காட்டினார்கள் என்று கல்வெட்டில் இல்லை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் அத்தாட்சி தேவைப்பட்டிராது. மனிதர் ஊரை விட்டுக் கிளம்பும்போதுதான் காகிதத்தின் தேவை பிறக்கிறது.

ஐரோப்பாவில் இந்த வேலையை மாதா கோவில்கள் செய்து வந்தன. இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு கோவிலும் ஏட்டில் எழுத வேண்டும் என்று 1538ல் உத்தரவாயிற்று. லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி அந்தக் காலத்து வாராந்தர மரணப் பட்டியல்களைக் கூட்டிப் பார்த்து, 1662ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன என்பதும், குழந்தைகளில் எத்தனை பேர் பிழைத்து வளர்கிறார்கள் என்பதும் அப்போதுதான் கணக்காக உலகத்துக்குத் தெரிந்தன. பிரான்சில் புரட்சி நடந்தபோது, 1792ல், இந்த ஏடுகளைப் பாதிரிமார் கையிலிருந்து எடுத்து நகர மன்றங்களிடம் ஒப்படைத்தார்கள். கோவிலுக்கு வராதவனும் பிரஜைதான் என்ற எண்ணம் அதில் இருந்தது. இங்கிலாந்து 1837 ஜூலையில் அதே வழிக்கு வந்தது.

இந்தியாவுக்கு இந்தச் சட்டம் துண்டு துண்டாக வந்தது. வங்காளத்துக்கு 1873, சென்னை மாகாணத்துக்கு 1899 என்று தனித்தனிச் சட்டங்கள். 1886ல் நாடு முழுவதற்குமாக வந்த சட்டமோ, விருப்பமுள்ளவர் பதிந்துகொள்ளலாம் என்ற அளவில் நின்றது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏடு கிராம முன்சீப்பிடம் இருந்தது. பரம்பரைக் கிராம உத்தியோகங்களை 1980ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகு அது கிராம நிர்வாக அலுவலர் கைக்கு வந்தது. முன்சீப் காலத்து ஏட்டைத் தேடிக்கொண்டு மும்பையிலிருந்து லீவு போட்டுவிட்டுப் போகிறவர்கள், தாலுகா அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். கறையான் மிச்சம் வைத்ததுதான் சரித்திரம்.

பம்பாயில் 1888ஆம் ஆண்டின் முனிசிபல் சட்டம் ஜனன மரணப் பதிவுக்கு விதிகள் செய்தது. அந்த ஏட்டின் மதிப்பு எட்டு ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். நோயாளியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், வீட்டாரைத் தனியே அடைப்பதும், வீட்டைச் சுண்ணாம்பு அடித்துக் காலி செய்வதுமாக அதிகாரிகள் இறங்கியதும், ஜனங்கள் மரணத்தை மறைக்கத் தொடங்கினார்கள்; மறைக்க முடியாதபோது வேறு நோயின் பெயரைச் சொன்னார்கள். உண்மையில் பிளேக்கால் எத்தனை பேர் போனார்கள் என்பதை, முந்தைய ஆண்டுகளின் வாராந்தர மரண சராசரியைக் கழித்துவிட்டு, மிஞ்சிய எண்ணைக் கொண்டுதான் ஊகித்தார்கள். 1891ல் 8,21,764 ஆக இருந்த நகரத்தின் ஜனத்தொகை 1901ல் 7,76,006 ஆகக் குறைந்தது. இறந்தவர்களோடு, பயந்து ஓடியவர்களும் இதில் சேர்த்தி. அந்தப் பீதியின் விளைவாக 1898ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்தான் பின்னால் தாதர், மாதுங்கா மனைகளைத் திட்டமிட்டுப் பிரித்தது. தென்னிந்தியர்கள் வந்து குடியேறிய மாதுங்காவின் நேர்த்தியான தெருக்களுக்கு ஆதியில் ஒரு மரணக் கணக்கு இருக்கிறது என்பது அங்கே காப்பி குடிக்கிற பலருக்குத் தெரியாது.

கொரோனா காலத்திலும் இதே நாடகம்தான். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் நோயாளி தெரியவந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம், கணக்கில் வராமல் போயிருந்த 862 மரணங்களை மும்பையின் கணக்கில் ஒரேயடியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றத்தின் முன் முடிவானபோது, மரணச் சான்றில் கொரோனா என்று எழுதவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்று நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. ஏட்டில் ஒரு சொல் விட்டுப்போனால் ஒரு விதவைக்கு 50,000 ரூபாய் விட்டுப்போகும் என்ற நிலை இருந்ததனால்தானே அப்படிச் சொன்னார்கள்?

பிறப்பு ஊரில், வாழ்வு இங்கே

நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் 1969ல்தான் வந்தது. 1970 ஏப்ரல் முதல் பெரும்பாலான மாநிலங்களில் அமலாயிற்று. அதன் அடிப்படை எளிமையானது. பிறப்போ இறப்போ எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவரின் பொறுப்பு. 21 நாள் கெடு. 30 நாள் வரை சிறு கட்டணம். ஓராண்டு வரை அதிகாரியின் அனுமதி. ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. ஓடும் ரயிலில் குழந்தை பிறந்தால்கூட, வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நாகர்கோவில் எக்ஸ்பிரசில் நிறைமாதக் கர்ப்பிணிகளை ஏற்றி அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் எளிமைதான். ஆனால் அது ஒரே இடத்தில் பிறந்து, வளர்ந்து, மாளுகிற மனிதனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மும்பைத் தமிழன் அப்படிப்பட்டவன் அல்லன். இதுதான் விஷயத்தின் முடிச்சு.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது மாற்ற முடியாத வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் ஊருக்குப் போகிறாள். அங்கே தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவம். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் குழந்தையோடு மும்பை திரும்புகிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பதிவை அனுப்பியிருப்பார்கள்; ஆனால் சர்டிபிகேட்டைக் கையோடு வாங்கி வந்தவர் பத்துக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம். பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பதிவாகிவிடுவதால், ஏட்டில் குழந்தைக்குப் பெயரில்லாமல், இன்னாருடைய ஆண் குழந்தை, இன்னாருடைய பெண் குழந்தை என்றே கிடக்கும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்; கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். சேர்க்க நினைப்பதே பத்தாம் வகுப்பு முடிந்த பிறகுதான். தமிழ்நாட்டு அரசு, 2000க்கு முன் பதிவான பெயரில்லாத பிறப்புகளுக்கு 31.12.2024 வரை தவணை கொடுத்துப் பார்த்தது. அப்படித் தவணை கொடுக்க நேர்ந்ததே நிலைமையைச் சொல்லும்.

இது குழந்தைகளின் சங்கடம் மட்டுமல்ல. நகரத்தின் கணக்கையும் இது குழப்பியிருக்கிறது. பழைய பம்பாயில் குழந்தை மரண விகிதம் பயங்கரமாக உயர்ந்து நின்றதற்கு ஒற்றை அறைக் குடித்தனமும் அழுக்குத் தண்ணீரும் முதற் காரணம்தான். ஆனால் பிரசவத்துக்குப் பெண்கள் ஊருக்குப் போய்விடுவதால் பிறப்பு அங்கே பதிவாகி, குழந்தை இங்கே வந்து இறந்தால் இறப்பு மட்டும் இங்கே ஏறும் என்பதையும் விவரமறிந்தவர்கள் அப்போதே சுட்டிக்காட்டியதுண்டு. பிறவாத குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன என்று ஏடு சொல்லிற்று.

சயான் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சங்கடம் இல்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. தாராவிக்காரர்களின் வார்டு ஜி நார்த். பிறப்புப் பதிவோ ஆஸ்பத்திரி எந்த வார்டில் இருக்கிறதோ அந்த வார்டில். வீட்டுக்குப் பக்கத்து அலுவலகத்தில் ஒருநாள் பூராவும் வரிசையில் நின்று, கடைசியில் இங்கே இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய கூலிக்காரர்களுக்குப் போன ஒருநாள் சம்பளத்தை யார் கொடுப்பார்? இப்போது கம்ப்யூட்டர் வந்து இந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. பழைய ஏடுகளைத் தேடுகிறவர்களுக்குக் குறையவில்லை.

பெயர் என்ற வில்லங்கம்

சர்டிபிகேட் கிடைத்த பிறகுதான் இன்னொரு கூத்து ஆரம்பமாகிறது. தமிழனுக்கு இனிஷியல் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. மகாராஷ்டிரத்தில் பெயர், தகப்பனார் பெயர், ஆட்நாவ் என்கிற குடும்பப் பெயர் ஆகிய மூன்றும் இல்லாமல் பாரம் நிரம்பாது. குமாஸ்தா காலியாக விட மாட்டார். சிலருக்குத் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. சிலருக்குப் பாட்டனார் பெயர். இன்னும் சிலருக்கு, ஊரில் அவர்களே விட்டொழித்த சாதிப் பெயர் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. மாடசாமியின் மகன் முருகனுக்கு மாடசாமி குடும்பப் பெயர். முருகனின் மகன் செல்வத்துக்கு முருகன் குடும்பப் பெயர். மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயரைப் பார்க்கும் அதிகாரி, இவர்கள் ஒரே குடும்பம்தானா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். 2024 மே 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, குழந்தையின் பெயரை அடுத்துத் தாயின் பெயர், பிறகு தகப்பன் பெயர், பிறகு குடும்பப் பெயர் என்று எழுத வேண்டும் என மகாராஷ்டிர அரசு விதித்திருக்கிறது. தாய்க்கு ஏட்டில் இடம் கிடைத்தது வரவேற்க வேண்டிய காரியம். கடைசி இடத்தில் என்ன எழுதுவது என்ற தமிழனின் குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எழுத்து வேறு. தேவநாகரியில் குறில் எகரமும் ஒகரமும் இயல்பாக இல்லை. ழகரத்தை மராத்தியர் தங்கள் ளகரத்தால் எழுதுவார்கள். அதுவே ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்தால் ஜகரம் போல் ஆகிவிடும். அழகன் என்பவர் ஒரு காகிதத்தில் அளகன், ஒன்றில் அஜகன். ஊர்ப் பெயர்களும் இந்த வதைக்குத் தப்புவதில்லை. ஒரே மனிதரே இருவர் என்று ஆகிவிட்டால், இருவரும் ஒருவரே என்று கோர்ட் ஸ்டாம்புப் பேப்பரில் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். வார்டு அலுவலக வாசலில் டைப் அடிப்பவர்கள் வயிறு வளர்ப்பது தமிழரின் இனிஷியலால் என்று வேடிக்கையாகச் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஒரு வரி எங்கேயோ ஏட்டில் இருந்தால் அதன் பலன் தலைமுறை தாண்டி வரும் என்பதற்குச் சாதிச் சான்றைப் பார்த்தால் போதும். மகாராஷ்டிரத்தில் அட்டவணைச் சாதிச் சான்று கேட்பவர் 10.8.1950க்கு முன்பும், இதர பிற்பட்டோர் சான்று கேட்பவர் 13.10.1967க்கு முன்பும் தம் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஊரில் பட்டியலில் இருக்கும் சாதி என்பதால் குடிபெயர்ந்த இடத்திலும் அந்தச் சலுகை தானாகக் கூட வராது என்று, பம்பாய் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி அனுமதி பற்றிய வழக்கில் 1990ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்தச் சாதிப் பெயர் இந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. இருந்தாலும் தேதிக்கு ஆதாரம் வேண்டும். தோல் மண்டிகளில் வேலை செய்ய வந்த பாட்டனாருக்குச் சொந்த வீடு இல்லை, வாடகை ரசீது இல்லை, பள்ளிக்கூடம் போனதில்லை. 1947லோ 48லோ அவருக்குப் பிறந்து சில நாளில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயர் முனிசிபல் ஏட்டில் இருந்தால், அந்தக் குடும்பம் அப்போது இங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி ஆகலாம். அழுதுகொண்டே போய் அன்று பதிந்தவர், எழுபது ஆண்டுக்குப் பின் வரப்போகும் பேரனை நினைத்துப் பதிந்திருக்க மாட்டார்.

இலங்கையில் நடந்தது

ஏடு இல்லாமையால் தமிழர்க்கு விளையக்கூடிய கேட்டின் எல்லை எது என்று தெரிய வேண்டுமானால், மலையகத்தைப் பார்க்க வேண்டும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் பிறந்த தொழிலாளி, தன் தகப்பன் பிறந்த காகிதத்துக்கு எங்கே போவான்? சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரியாததல்ல, தெரிந்துதான் எழுதினார்கள். பல லட்சம் தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தபோது 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியவர்கள் குறையைத் தீர்க்க 2003ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு.

மும்பைத் தமிழர் இந்தியப் பிரஜைகள். அவர்களை மலையகத்தோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். நாட்டை விட்டு அனுப்பப்படும் பயம் இங்கே இல்லைதான். ஆனால் காகிதம் இல்லாதவனைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் வளர்ந்து வருகிறது என்பதை மறுக்க முடியாது. 2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு, தாமதமாகப் பதியப்படும் பிறப்புகளுக்குச் சான்று கொடுப்பதை நிறுத்தி வைத்தது. வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள் இந்த வழியில் சான்று வாங்கிவிட்டார்கள் என்ற புகாரை விசாரிக்கத் தனிக் குழு போட்டு, மார்ச் மாதத்தில் முன்னைவிடக் கடுமையான நடைமுறையை வெளியிட்டது. மோசடியைப் பிடிக்க வேண்டியதுதான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாமதமாகப் பதிகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் யார்? வீட்டில் பிரசவம் பார்த்த ஏழைகள், ஊருக்கும் நகரத்துக்கும் அலைகிற கூலிகள், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள். திருடனுக்குப் போட்ட வேலியில் முதலில் மாட்டிக்கொள்வது கன்றுக்குட்டிதான்.

அதோடு, 2023ல் திருத்தப்பட்ட சட்டம் காகிதத்தின் எடையைக் கூட்டியிருக்கிறது. 1.10.2023 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு உத்தியோகம், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடம் இரண்டுக்கும் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம். பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே என்று 2025ல் விதி வந்தாயிற்று. ஆதார் கார்டு இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதிலும் பயனில்லை. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வயதுக்கு ஆதாரை ஏற்காமல், பள்ளி விடுப்புச் சான்றில் இருந்த தேதியை ஏற்றது. பழைய தலைமுறைக்கு வாத்தியார் எழுதிய தேதியாவது கை கொடுத்தது. 2023 அக்டோபருக்குப் பின் பிறந்த குழந்தைக்கு அந்தப் பின்வாசலும் அடைபட்டுவிட்டது.

ஆகையால் இனிப் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிற பெண், குழந்தையின் சான்று இல்லாமல் ரயில் ஏறக் கூடாது. பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் முதல் சான்றைக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டம் பதிவாளரைக் கட்டுப்படுத்துகிறது. கேட்டு வாங்குவது பிச்சையல்ல. பெயரை முடிவு செய்ய முப்பது நாள் உறவினரோடு தந்தியும் தபாலும் நடத்திய காலம் போயிற்று. போனிலேயே முடிவு செய்துவிடலாம். எந்த எழுத்துக்கூட்டல், தகப்பனார் பெயர் எங்கே வரும் என்பதை அன்றே தீர்மானித்து, எல்லாக் காகிதத்திலும் அதையே எழுத வேண்டும். ஊரில் பெரியவர் இறந்தால், காரியத்துக்குப் போகிற மகன் மரணச் சான்றின் நாலு நகலோடு திரும்ப வேண்டும்.

இது மக்கள் பங்கு. சர்க்கார்களின் பங்கும் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுகள் எல்லாம் இந்தியப் பதிவாளர் ஜெனரலின் ஒரே தொகுப்பில் சேர வேண்டும் என்று சொல்கிற சட்டத்தின் கீழ், தாராவியில் இருக்கும் தாய், குழந்தையின் பெயரைச் சேர்க்கத் திருநெல்வேலிக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டிய அவசியம் என்ன? பிறந்த இடத்துப் பதிவை, வாழும் இடத்து வார்டு அலுவலகத்தில் திருத்த வழி செய்வது தமிழ்நாடு, மகாராஷ்டிரம் இரண்டும் உட்கார்ந்து பேசினால் ஆகக்கூடிய காரியம். பாரத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்ற பழக்கத்தையும் மாநகராட்சி கைவிடலாம். நாட்டில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் மராத்தியர் வழக்கப்படி இல்லை என்பது டில்லிக்குத் தெரிந்திருக்கிறது. பாஸ்போர்ட் பாரம் அந்த இடத்தைக் காலியாக விட அனுமதிக்கிறது.

மும்பையில் தமிழர் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றப் பேச்சாளரை விமானத்தில் வரவழைக்க நிதி திரட்டுகிறார்கள். அது வேண்டாம் என்பதல்ல. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் ஒன்றிலோ, சங்கக் கட்டடத்தின் ஒரு மூலையிலோ, மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஜை போட்டு, மராத்தி எழுதத் தெரிந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரை உட்கார வைத்தால், பாரம் நிரப்பவும், பெயர் சேர்க்கவும், ஊரிலிருந்து மரணச் சான்று வரவழைக்கவும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழி பிறக்கும். மாதுங்காவிலும் செம்பூரிலும் ரயில்வேயிலும் ரிசர்வ் பாங்கிலும் முப்பது ஆண்டு பைல் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தாராவிக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது இரண்டு ரயில் நிலைய தூரம்தான். வாரிசுப் பிரச்னையில் தகுதிப் பட்டியலிலிருந்து தள்ளப்படும் குடும்பங்களுக்கு மேல்முறையீட்டுக் காலம் முடிவதற்குள் அந்த மேஜையைப் போட்டாக வேண்டும்.